அரசு இணைய அறிக்கைகளை மேற்கோள் காட்டல்: டீக்கடையில் ஒரு முன்னாய்வு

ஆய்வுக்களம்: திண்டுக்கல்லில் ஒரு டீக்கடை பெஞ்ச். ஆய்வுக்கருவி: செல்போன், சார்ஜ் 14 சதவீதம். ஆய்வுச் சிக்கல்: தோல் தொழிற்சாலைகள் பக்கம் கிணற்றுநீர் உப்பாகிவிட்டது என்று ஒரு வாக்கியம் எழுதி, அடைப்புக்குறிக்குள் அரசுச் சான்று ஒன்று போட வேண்டும். வாக்கியத்துக்கு அரை நிமிடம் ஆனது. சான்றுக்கு மூன்று மாதம்.

முதலில் ஆண்டு. எந்த ஆண்டைப் பற்றிய அறிக்கையோ அந்த ஆண்டில் அது வெளிவராது, குத்துமதிப்பாகப் போடவும்.

அடுத்து ஆசிரியர். ஆய்வு ஆழம் காணும் இடம் இது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2008-இல் திண்டுக்கல் மாவட்டத்துக்கென ஒரு சிற்றேடு வெளியிட்டது. வாரியத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே தட்டினால், மேற்கோள் மென்பொருள் அதை ஓர் ஆளாக நினைத்துக்கொண்டு "போர்டு, சி. ஜி. டபிள்யூ." என்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெயர் போலிருக்கிறது. நம் வழக்கப்படி முதல் இனிஷியல் ஊர். சின்னாளபட்டி என்று கொள்வோம். இரண்டாவது தாத்தா, கோவிந்தசாமியாக இருக்கலாம். மூன்றாவது தகப்பனார் என்னும்போதுதான் அறிஞருலகம் பிளக்கிறது. வில்லியம் என்பது ஒரு தரப்பு (பக்கத்து இருக்கைப் பெரியவர், வாய்மொழி). அந்த எழுத்தில் நம் பக்கம் பெயரே கிடையாது, ஆகவே இனிஷியலே போலி என்பது மறுதரப்பு (அதே பெரியவர், இரண்டாம் டீக்குப் பிந்தைய திருத்திய பதிப்பு). இவருக்குப் பங்காளிகள் இருவர்: "இந்தியா, ஜி. ஓ.", "நாடு, ஜி. ஓ. டி." இவர்கள் இனிஷியலில் யாருக்கும் ஐயமில்லை. ஜி.ஓ. இல்லாமல் இங்கே எது நடந்திருக்கிறது?

மாவட்டப் பெயரும் லேசுப்பட்டதல்ல. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்த மாவட்டம் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று பல பெயர்களைப் பார்த்தது. கிணறு நகரவில்லை, முகவரி மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஒரே கிணற்றை மூன்று மாவட்டங்களின் ஒப்பாய்வாக எழுதிப் பதவி உயர்வு வாங்கும் வாய்ப்பை நம் பேராசிரியர்கள் எப்படித் தவறவிட்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

கடைசியில் இணைய முகவரியும் "பார்த்த நாளும்". தளத்தைப் புதுப்பித்தால் பழைய முகவரி செத்துப்போகும். பார்த்த நாள் என்பது அதற்கான முன்ஜாமீன்: நான் பார்த்தபோது இருந்ததுங்க ஐயா. 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வேபேக் மெஷினில் பக்கத்தைச் சேமித்து வைத்தால் ஜாமீனே தேவைப்படாது. ஆனால் சேமிக்க வேண்டுமென்றால் பக்கத்தை ஒரு தடவையாவது திறக்க வேண்டுமே! மேற்கோள்களில் எழுத்துப்பிழை பரவும் விதத்தை வைத்து, மூலத்தைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள் சுமார் 20 சதவீதம்தான் என்று 2003-இல் சிம்கினும் ராய்சவுத்ரியும் மதிப்பிட்டார்கள். (இதை நான் வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுத்தேன்.)

என் பக்கமும் திறக்கவில்லை. சார்ஜ் 2 சதவீதம். மாஸ்டரிடம் கேட்டேன். "அந்தப் பக்கத்துத் தண்ணியில டீ போட்டா வாயில வைக்க முடியாதுண்ணே" என்றார். கட்டுரையில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

(மாஸ்டர், டீ.; பாய்லரடி வெளியீடு, தொகுதி: காலை, இதழ்: மூன்றாம் ஆத்தல், சர்க்கரை கம்மி; கிடைக்குமிடம்: அதே இடம்; பார்த்த நாள்: தினமும்.)