குல்லாப் பெரியப்பா

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் ஊருக்கு ஒரு பிள்ளையார் கோவில், ஒரு டீக்கடை, ஒரு குல்லாப் பெரியப்பா கட்டாயம் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நாலு ஏக்கர் மானாவாரி, இரண்டு மாடு, ஒரு பழைய டிவிஎஸ். பங்குனி முதல் ஐப்பசி வரை அவரும் எல்லாரையும் போலத்தான் இருப்பார். கார்த்திகை தீபம் கழிந்த மறுநாள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். பாச்சை உருண்டை வாசத்தோடு ஒரு குரங்குக் குல்லா வெளியே வரும். அதற்குள் தலையை நுழைத்து, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய அவர் தெருவில் இறங்கிவிட்டால் ஊருக்குக் குளிர்காலம் பிறந்துவிட்டது. மறுபேச்சு கிடையாது.

மார்கழி, தையில் இந்தப் பக்கம் விடிகாலையில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஓசூரில் வேலை பார்க்கும் மருமகன் ஒருமுறை கேட்டே விட்டான்: "எங்க பக்கம் இதைவிடக் குளிருங்க மாமா. நாங்கல்லாம் பனியன் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறோம்." பெரியப்பா குல்லாவுக்குள்ளிருந்து பதில் சொன்னார்: "அது மலைக்குளிரு மாப்ள, மேலோட போயிடும். இது கடல் ஈரம். எலும்புல இறங்கும்."

கடல் எங்கே வந்தது என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அரை மணி நேரம் போய்விடும். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி வருஷத்துக்கு முந்தையது, அந்தக் காலத்தில் இந்தப் பூமியெல்லாம் கடல் என்று தொடங்குவார். இதுவரை நிஜம். இன்றைக்கும் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளில் கிளிஞ்சல் கிடைக்கிறது; அந்தக் கல்லை அரைத்துத்தான் அரியலூரில் சிமென்ட் ஆகிறது. அந்தக் கடலின் ஈரம் இன்னும் காயவில்லை, வருஷா வருஷம் மார்கழியில் பனியாகக் கிளம்புகிறது என்பது மட்டும் பெரியப்பாவின் சொந்தச் சரக்கு.

அவருடைய நாள் கோவில் ஸ்பீக்கரோடு தொடங்கும். மார்கழி பூராவும் நாலரைக்கே பாட்டுப் போட்டுவிடுவார்கள். பெரியப்பாவுக்குப் பக்தி உண்டு. ஆனால் அது பொங்கல் இறக்கும் நேரத்துக்குத்தான் கண்விழிக்கும். "குளிச்சிட்டு வந்தீங்களா?" என்று குருக்கள் கேட்டால், "மனசு சுத்தமா இருந்தா போதாதுங்களா சாமி" என்று தொன்னையை நீட்டுவார். மிளகு தூக்கலாக, நெய் மிதக்கும் அந்தச் சுடுபொங்கலை ஆற விடாமல் விரல் நுனியால் எடுத்து, ஊதி, உள்ளே தள்ளி, 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொள்ளும் சுகத்துக்காக ஒரு மாதம் குளிக்காமல் இருந்தாலும் தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றும்.

அடுத்து அடுப்பு. அடுப்பென்றால் சமையலுக்கல்ல. தெருமுக்கில் போன வருஷத்துப் பருத்திமாரையும் மக்காச்சோளத் தட்டையையும் போட்டுக் கொளுத்துவது. ஐந்தாறு பேர் சுற்றிக் குந்துவார்கள். தட்டையைத் திணிக்கக் கூடாது, காற்று போக வழிவிட்டுச் சாய்த்து வைக்க வேண்டும் என்று பெரியப்பா பாடம் நடத்துவார். வைப்பது பங்காளி வீட்டுப் பையன். முன்பக்கம் காய்ந்ததும் திரும்பி முதுகைக் காட்ட வேண்டும், வேட்டி நுனியில் ஒரு கண் வேண்டும். அரியலூர் தனி மாவட்டமாகி, மறு வருஷமே பெரம்பலூரோடு ஒட்டி, 2007 நவம்பர் 23-ல் மறுபடி பிரிந்ததே, அந்த வழக்கெல்லாம் இன்றுவரை இங்கேதான் விசாரணை. பெரியப்பாவின் தீர்ப்பு: "எத்தனை தடவ பிரிச்சாலும் பனியைப் பிரிக்க முடிஞ்சுதா?"

இதற்குள் பெரியம்மா எழுந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப்பூ செருகி, மாட்டைக் கறந்து, பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தாகிவிட்டது. அவருக்குக் குல்லா கிடையாது. முந்தானைதான்.

காட்டில் பருத்தி வெடித்துக் கிடக்கும். "பனி உலரட்டும், ஈரப் பஞ்சை எடுத்தா வெலை போவாது" என்பார் பெரியப்பா. விவசாயம் தெரிந்தவர் பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் வேளாண்மைத் துறைக்காரர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள்: காலை பத்து, பதினொரு மணிக்குள் எடுத்துவிடு, வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். பெரியம்மா இதை எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. பெரியப்பா அடுப்பை விட்டு எழும்போது அவர் இரண்டு மடி பஞ்சு எடுத்திருப்பார்.

அதற்காக பெரியப்பாவை வேலையே செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது. மக்காச்சோளம் காய வைப்பது முழுக்க அவர் பொறுப்பு. களத்தில் மஞ்சளாகப் பரப்பி, வெறுங்காலோடு உள்ளே இறங்கி, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார். பாதத்துக்கு இரண்டு பக்கமும் மணி ஒதுங்கி வாய்க்கால் போலக் கோடு விழும். அடியில் கிடந்தது மேலே வரும். மேல்மணி வெயிலில் சூடாக இருக்கும், அடிமணி ராத்திரிக் குளிரோடு சில்லென்று இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் விரலிடுக்கில் நுழையும். அவர் முகத்தைப் பார்த்தால் சோளத்துக்காக நடக்கிறவராகத் தெரியாது. காய்ந்த பிறகும் நாலு நடை நடப்பார்.

ராத்திரிக்குப் பச்சை மொச்சைக் குழம்பு. பனி விழுந்தால்தான் மொச்சைக்கு ருசி. ஊறின கொட்டையை இரண்டு விரலில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போய்ச் சட்டியில் விழும். பெரியப்பா பிதுக்கினால் பாதி சுவரில் விழும். "குளிர்ல வெரல் வெறச்சுப் போச்சு" என்பார்.

போன தையில் பேரப் பிள்ளைகளைக் கரைவெட்டி ஏரிக்குக் கூட்டிப் போனார். 2024-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய ஏரி. வரித்தலை வாத்துகள் மத்திய ஆசியப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி இங்கே குளிருக்குத் தப்பி வந்து இறங்குகின்றன. "அதுங்களுக்கு இது வெயில் காலம் தாத்தா" என்றாள் பேத்தி. கரையில் குல்லாவும் மப்ளருமாக நின்ற பெரியப்பா கொஞ்ச நேரம் வாத்துகளையே பார்த்தார். "அதுங்களுக்கு இறக்கை இருக்கு, போத்திக்குது" என்றார்.

தை முடிந்தால் குல்லா கழலும் என்று நினைக்கக் கூடாது. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியைக் காட்டி இன்னொரு மாதம் நீட்டிப்பு வாங்கிவிடுவார். இந்த வருஷம் மாசி பாதியில் பெரியம்மா பொறுமையிழந்து குல்லாவைப் பிடுங்கித் துவைத்துப் போட்டுவிட்டார். தலையில் வெறும் துண்டோடு டீக்கடைக்கு வந்த பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"இந்த வருஷம் எங்கய்யா குளிரு? சும்மா பேருக்கு. அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு."

பால் கேனோடு அந்தப் பக்கம் போன பெரியம்மா நின்றார். "அப்படின்னா நாளைக்கு விடிகாலைல நீங்களே கறந்துடுங்க."

பெரியப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.