சுவரில் வெள்ளாமை

மான்செஸ்டர்,
ஜனவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். எங்களைவிட வீட்டுச் சுவர் செழிப்பாக இருக்கிறது. கொல்லிமலையில் மிளகுக்கொடி ஏற ஒரு சில்வர் ஓக் மரமாவது வேண்டும். இங்கே பீரோவுக்குப் பின்னால் வெறும் சுவரிலேயே கறுப்புப் பூசணம் ஏறிவிட்டது. என் கல்யாணக் கோட்டிலும் பச்சையாகப் பூவேலை!

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "நீங்கள் ரொம்பச் சமைக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரசம் கொதிப்பதைக் குற்றமாக்கிய முதல் மனிதர். பாதி உண்மைதான். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு, உள்ளேயே சமைத்து, குளித்து, துணியும் உலர்த்தினால் ஈரம் எங்கே போகும்? சில்லிட்ட வெளிச்சுவரில் பட்டு நீர் கோத்துக்கொள்ளும். பூசணத்துக்கு அது போதும். ஆனால் குளியலறை விசிறி ஓடாதது அவர் கணக்கு.

1928இல் இதே நாட்டில் பிளெமிங் ஒரு தட்டில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து பென்சிலினைக் கண்டார். 1945இல் நோபல் கொடுத்தார்கள். சுவர் முழுக்க வளர்த்தும் எனக்கு வீட்டில் ஏச்சுதான்.

ஆனால் அரை வைத்தியனாகிவிட்டேன். வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் தண்ணீர் தெளிப்பேன். கரைந்தால் உப்பு, கரையாவிட்டால் பூசணம். தரையிலிருந்து இடுப்புயரம் வரை கறை ஏறினால் நிலத்து ஈரம். கூரையில் ஒரே இடத்தில் பழுப்பு வட்டம் என்றால் ஒழுகல். மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் கறுப்புப் புள்ளிகள் என்றால் வீட்டுக்குள் அடைபட்ட ஈரம். கண்ணுக்கு ஒன்றும் படாமல் மக்கல் வாடை மட்டும் அடித்தால், பீரோவை நகர்த்திப் பார்க்க வேண்டும். மேலே பெயின்ட் அடிப்பது வீண். ஈரம் இருக்கும்வரை திரும்ப வரும்.

சிரித்துவிட்டுப் போகிற காரியமும் இல்லை. பக்கத்து ஊரான ராச்டேலில், பூசணம் பிடித்த வாடகை வீட்டில் வளர்ந்த அவாப் இஷாக் என்ற 2 வயதுப் பையன் மூச்சுக் கோளாறால் 2020 டிசம்பரில் இறந்துபோனான். பெற்றோர் புகார் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அவன் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் முதல் சமூக வாடகை வீடுகளில் ஆபத்தான ஈரம், பூசணம் என்று புகார் போனால் 10 வேலை நாளுக்குள் வந்து சோதித்தாக வேண்டும். தனியார் வீட்டில் இருக்கும் எனக்கு அந்தப் பாக்கியம் இன்னும் வரவில்லை.

நிற்க. கொல்லிமலைச் செம்மேட்டில் நீங்கள் கட்டும் வீட்டில், குளிர் அடிக்கும் என்று குளியலறைக்கு ஜன்னலே வைக்கவில்லை என்று அம்மா போனில் சொன்னார்கள். பழைய வீட்டில் அடுப்புப் புகையோடு ஈரமும் ஓட்டிடுக்கு வழியே போய்விடும். காங்கிரீட்டில் இடுக்கு ஏது? மூடுபனி இறங்கும் ஊர் வேறு. மேஸ்திரி என்ன சொன்னாலும் சரி, பூச்சு வேலைக்கு முன்னால் குளியலறைக்கும் சமையலறைக்கும் தலா ஒரு வென்டிலேட்டர் வைக்கச் சொல்லுங்கள். பீரோவைச் சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி