காதுக்குத் தாவத் தெரியாது

கேள்வி: கூலிக் கொலையாளியைப் பற்றிய திகில் நாவலை ஒலிநூலாகக் கேட்பதில் அப்படி என்ன சுவை? படித்தால் போதாதா?

பதில்: ஃபிரெடரிக் ஃபோர்சைத் எழுதி 1971இல் வெளிவந்த 'தி டே ஆஃப் தி ஜக்கால்' இதற்குத் தக்க சான்று. அல்ஜீரிய விடுதலையை எதிர்த்த ஓ.ஏ.எஸ். என்னும் பிரெஞ்சுத் தலைமறைவு ஆயுதக் குழு, அதிபர் தெ கோலைக் கொல்ல வெளிநாட்டான் ஒருவனை அமர்த்துவதே கதை. ஆனால், தெ கோல் 1970இல் தம் வீட்டில் இயற்கையாக மறைந்தார் என்பது ஊரறிந்த செய்தியாதலால், நாவலின் உயிர் முடிவில் அன்றி, ஆயத்தங்களின் நுணுக்கத்திலேயே இருக்கிறது.

அந்நுணுக்கத்தை அச்சில் படிக்கும் கண் அவசரத்தில் இரண்டு பக்கம் தாவிவிடும். ஒலிநூலில், அதாவது வாசிப்பாளர் ஒருவர் நூல் முழுவதையும் தம் குரலில் பதிவுசெய்த வடிவத்தில், காது அப்படித் தாவுவதில்லை. ஆர்டென் காட்டில் முலாம்பழத்துக்கு முகம் வரைந்து, பையிலிட்டு மரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகை அக்கொலையாளி சிறிது சிறிதாகத் திருப்பும் காட்சியில், கேட்பவரும் அவனுடைய பொறுமையின் வேகத்துக்கே மூச்சுவிட நேர்கிறது. கடைசியாக வெடிக்கும் ரவை பாய்ந்து பழம் சிதறும்போது, சோற்றுக்குக் காய் நறுக்கிக்கொண்டே கேட்பவரின் கத்தி அந்தரத்தில் நிற்கும். இத்தகைய இடத்தில் பின்னணி இசை வெறும் இடையூறே. உணர்ச்சியை அடக்கி, காவல்துறை அறிக்கை படிப்பதுபோல் ஒலிக்கும் குரலே அச்சத்தை முழுமையாக ஊட்டுகிறது.