சஞ்சீவி மலை நிழலில் சக்தி தேடி

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சஞ்சீவி மலையே நிற்கிறது. வன்னியம்பட்டி டீக்கடையில் இருக்கும் எங்களுக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி பாக்கெட்டில்தான் வர வேண்டும். 2020 கொரோனா காலத்தில் அரசே கபசுரக் குடிநீர் ஊற்றிக் கொடுத்ததும், அதில் சேரும் 15 மூலிகைச் சரக்கின் பெயரும் எங்களுக்கு மனப்பாடம். கசப்பு போக வாயில் என்ன போடுவோம்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, மரியாதை தர வேண்டாமா!

பக்கத்து வீட்டு அண்ணாச்சி மில்லில் இரவு ஷிப்ட். பகலில் மூன்று மணி நேரத் தூக்கம், மீதி நேரம் போன். மாதம் தவறாமல் சளி, ஈறு வீக்கம், படர்தாமரை. செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை.

"சுகர் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"அதெல்லாம் பாத்தாத்தான் தம்பி வரும்."

சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், புண்ணுக்கு ரத்த ஓட்டமும் குறையும். அண்ணாச்சி பிடிக்கும் பீடி அதற்கு உடந்தை. இதைச் சொன்னால், நெல்லிக்காய்ப் பொடி டப்பாவைக் காட்டுகிறார். பொடி பாவம், தூங்காதவனுக்காக அது தூங்குமா?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சுகர் பார்க்கிறார்கள், காசு கிடையாது. அண்ணாச்சி, அடுத்த தடவை அவர்கள் வரும்போது கொல்லைப்புறமாக நழுவாதீர்கள்.