நெட் வரலீங்க

பல்லடத்தில் என்ன விளைகிறது என்று யாரைக் கேட்டாலும் காடாத் துணி, கறிக்கோழி என்று இரண்டைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். தறிச் சத்தம் கேட்காத தெரு இங்கே குறைவு. கறிக்கோழிக்குத் தினமும் கொள்முதல் விலை அறிவிப்பதும் இந்த ஊரிலிருந்துதான். ஆனால் மூன்றாவதாக ஒரு சரக்கும் இருந்தது. அதற்கு நூல் வேண்டாம், தீவனம் வேண்டாம், ஜி.எஸ்.டி. கிடையாது. சாக்குப்போக்கு என்று பெயர். அதில் முதல் தரம் "நெட் வரலீங்க". வீட்டுக்குச் செம்புக் கம்பி வந்துகொண்டிருந்த வரை எங்களிடம் அது இரண்டு ஷிப்டும் ஓடியது.

வீட்டை ஒட்டியே தறிக்குடோன். ஜவுளிக்காரர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். மாமனார் கூலிக்கு நெய்து துணியாகத் திருப்பிக் கொடுப்பார். கணக்கு, மெயில், பில் எல்லாம் என் தலையில். ஆகவே எங்கள் வீட்டு இன்டர்நெட்டின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

2004-இல் மத்திய அரசு, நொடிக்கு 256 கிலோபிட் வந்தால் அது பிராட்பேண்ட் என்று கொள்கை வகுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் போன் கம்பியிலேயே அதைக் கொண்டுவந்தது. அதில் ஒரு திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் காசில்லை. மற்ற ஊர்க்காரர்கள் இதற்காக அலாரம் வைத்து எழுந்தார்களாம். நைட் ஷிப்ட் ஓட்டுகிற ஊரில் இரண்டு மணி என்பது டீ குடிக்கும் நேரம். எங்க வீட்டுக்காரர் தார் மாற்றிவிட்டு வந்து ஒரு படத்தை இறங்க விட்டுப் போவார். அந்த வேகத்தில் 700 எம்.பி. படம் இறங்க ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இலவசம் சரியாக ஆறு மணி நேரம். கதாநாயகி, பாட்டு, சண்டை எல்லாம் இனாமாக வந்துவிடும். கிளைமாக்சுக்கு மட்டும் காசு.

உண்மையைச் சொன்னால் அந்த லைன் மோசமில்லை. அது பேச்சுக்காகப் போட்ட கம்பி. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மனிதக் குரலுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலே காலியாகக் கிடந்த அலைவரிசையில் இன்டர்நெட்டை ஏற்றினார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போக வேகம் இளைக்கும். மழைத் தண்ணீர் ஜாயிண்டுக்குள் இறங்கினால் போனில் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான் அதன் குறை. அதன்மேல் நாங்கள் போட்ட பழியில் முக்கால்வாசி சொந்தத் தயாரிப்பு.

சம்பந்த விஷயத்தில் அந்தக் கம்பி செய்த உபகாரம் கொஞ்சமல்ல. கொழுந்தனாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம். இந்தப் பக்கத்தில் ஜாதகம் வந்தால் "வேண்டாம்" என்று சொல்லிவிட முடியாது. கேட்டது தூரத்துச் சொந்தமாக இருக்கும். நாளைக்கே ஏதாவது சீரில் பக்கத்து இலையில் உட்கார வேண்டியிருக்கும். அதனால் பொருந்தாத ஜாதகம் எதுவும் எங்கள் வீட்டில் திறக்கவே திறக்காது. "மெயில் அனுப்பிச்சமுங்களே, பாத்தீங்களா?" "எங்கீங்க, மழைல நெட்டே வரலீங்க." பத்து நாள் கழித்து மறுபடி கேட்டால் மறுபடி மழை. பல்லடத்தில் எங்கே இத்தனை மழை என்று கேட்டு எங்களைச் சங்கடப்படுத்தியவர் ஒருவருமில்லை. மூன்றாவது தடவை மழை பெய்தால் அவர்களே புரிந்துகொண்டு வேறு இடம் பார்ப்பார்கள். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது.

என் மாமியாரான அத்தைக்கு ஒரு நங்கையா, அதாவது நாத்தனார், அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறார். வீடியோ கால் போட்டாரென்றால் மருமகளின் குற்றப்பட்டியல் மங்களம் பாடாமல் நிற்காது. அத்தை சரியான இடத்தில் முகத்தை அப்படியே அசையாமல் வைத்துக்கொள்வார். படம் உறைந்துவிட்டது என்று நினைத்து அந்தம்மா வைத்துவிடுவார். கண்ணிமை கூட ஆடாது. என்னால் அது முடிந்ததில்லை.

செல்போன் வந்தபோதே சாக்கு செத்திருக்குமே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். தறி ஓடும்போது ரிங் கேட்காது. தகரக் கூரைக்குள் டவர் எடுக்காது. செல்போனுக்கு எங்களிடம் தனி ஸ்டாக் இருந்தது.

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் 78,000 பேருக்கும் மேல் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்கள். எங்கள் தெருவின் கம்பங்களை ஜாதகம் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன் அதில் ஒருவர். போகும்போது, "இனி எல்லாம் பைபர்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச காலத்தில் கேபிள் டிவி தம்பி வந்து நின்றார். டிவிக்காரரே இப்போது நெட்டுக்காரர். பழைய நம்பர் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் 60 எம்.பி. என்றார். ஆறு மணி நேரப் படம் ஒன்றரை நிமிடத்தில் வந்துவிடும். பார்க்கத்தான் ஆளில்லை.

கம்பத்திலிருந்து இழுத்து வந்த கறுப்பு ஒயரைச் சீவியபோது உள்ளே முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. ஒளி ஓடுகிற நடுப்பகுதி ஒன்பது மைக்ரான்தான். மாமா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டும் அது தெரியவில்லை. தம்பி ஒரு பெட்டியைத் திறந்து, இரண்டு முனையையும் எதிரெதிராக வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டினார். அந்தப் பெட்டி அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டவும் செய்தது. மெஷின் விலையைக் கேட்ட மாமா சற்று நேரம் பேசவில்லை.

"ஒரு இழை பிணைக்கிறதுக்கா இத்தனை? நம்ம குடோன்ல பாவு தீந்தா ஆயிரக்கணக்குல இழை, அத்தனையும் ஒரே ஆளு உக்காந்து கைல பிணைச்சுட்டுப் போயிருவாரு. மெஷினும் இல்ல, டிவியும் இல்ல."

தம்பி வாதாடவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்து, "மைனஸ் பத்தொம்பதுங்கய்யா, சூப்பரா இருக்குது" என்றார். மாமாவின் முகம் மாறிவிட்டது. கூலிக் கணக்கில் மைனஸைப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். வந்து இறங்கும் ஒளியை அப்படித்தான் அளப்பார்கள், மைனஸ் 27-ஐத் தாண்டினால்தான் வீட்டில் மாட்டும் பெட்டிக்குக் கண் தெரியாது என்று நான் விளக்கிச் சொன்னேன். "மைனஸ்ல ஓடற தொழிலு நம்முளுது மட்டும்னு நெனச்சேன் அம்மிணி" என்றார்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954-இல் கண்ணாடி இழைக் கட்டின் வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டியதைச் சொன்னேன். 1966-இல் சார்லஸ் காவோ, ஒளியைத் தின்பது கண்ணாடியில் இருக்கும் மாசுதான், அதை நீக்கினால் வெகுதூரம் போகும் என்று கணக்குப் போட்டார். அதற்கு 2009-இல் நோபல் பரிசு. "மொத ஆளுக்கு?" "அவருக்குக் குடுக்கலீங் மாமா." "கூலிக்கு நெஞ்சவனுக்கு எந்த ஊர்லயும் அப்படித்தான்" என்று எழுந்து போய்விட்டார். காவோவுக்கு இது அநியாயம்தான், ஆனால் மாமாவிடம் மேல்முறையீடு கிடையாது.

அத்தைக்கு வேறு கவலை. கம்பத்தில் தொங்கும் சின்னப் பெட்டியில் ஒரே ஒளியை 32 வீட்டுக்குப் பிரித்து விடுகிறார்கள். எந்த வீட்டுக்கு வருகிற செய்தியும் எல்லா வீட்டுக்கும் போகும். அவரவர் பெட்டி அவரவருடையதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும். "அப்ப நமக்கு வர்ற பேச்சு கணக்குப்பிள்ளை வீட்டுக்கும் போகுதா?" ஜவுளிக்காரரின் கணக்குப்பிள்ளை எங்கள் தெருதான். "போகுமுங்க, ஆனா பூட்டு போட்டுப் போகுமுங்க, அவிங்களுக்குப் புரியாது" என்றார் தம்பி. "நேர்ல சொன்னாலே அவிங்களுக்குப் புரியாது, போகட்டும்" என்று அத்தை அனுமதி கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பறிகொடுத்தது என்னவென்று தெரிந்தது. நங்கையாவின் முகம் தோல் சுருக்கம் வரைக்கும் வந்தது. நம் முகமும் அங்கே அப்படித்தான் போயிற்று. அத்தை அசையாமல் உட்கார்ந்தால், "ஏன் அண்ணி, உடம்புக்கு ஆகலீங்களா?" என்று விசாரணை. பின்னால் அலமாரியில் இருந்த கிரைண்டரைப் பார்த்துவிட்டு, "அது எப்ப வாங்குனீங்க, சொல்லவேயில்ல" என்று ஒன்று. ஜாதகங்கள் வந்த வேகத்தில் திறந்துகொண்டன. மழையும் கைவிட்டது, கண்ணாடிக்குத் தண்ணீரைப் பற்றிப் பயமில்லையாம். தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் என்று அரசே ஒன்றை வைத்து 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இதைக் கொண்டுபோகும் வேலையில் இறங்கிவிட்டது. ஓடி ஒளிய ஒரு கிராமத்தை மிச்சம் வைக்கக் கூடாதா?

ஒரே ஒரு வழி இருந்தது. செம்புக் கம்பியில் பேச்சோடு 48 வோல்ட் மின்சாரமும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து வரும். ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மட்டும் அடிக்கும். கண்ணாடியில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் பெட்டியும் போகும், போனும் போகும். பிரிட்டனில்கூட இதே பிரச்சினை. 2025 கடைசிக்குள் பழைய போன் வலையை மூடுவதாக இருந்தவர்கள், வயதானவர்கள் போன்றோரை நினைத்து 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு போக வழி செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு மணி நேரம்! எங்கள் மாதாந்திரப் பராமரிப்பு காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை.

அந்த ஏழு மணி நேரத்தை நாங்கள் மனதார வரவேற்றோம். ஆனால் தம்பியின் பையில் எல்லாவற்றுக்கும் மருந்து இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு மினி யு.பி.எஸ். எங்க வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் வாங்கி மாட்டிவிட்டார். தறிகள் நின்ற அமைதியில் மெயில்கள் விழும் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

போன வாரம் பீஸ் தயாராகவில்லை. ஜவுளிக்காரர் கூப்பிட்டு, மெயில் பார்த்தீர்களா என்றார். மாமா தம்பியிடம் பொறுக்கி வைத்திருந்த பாஷையை எடுத்து விட்டார்: "லைட்டு வரலீங்க. செவப்பு எரியுதுங்க. லாரிக்காரன் ஒயரை இழுத்துட்டுப் போயிட்டானுங்க."

"நம்ம கணக்குப்பிள்ளை உங்க தெருதானுங்களே. உங்க கம்பம்தான். அவரு இப்பத்தான் வீட்டுல இருந்து மெயில் போட்டாரு."

32 வீட்டுக்கு ஒரே ஒளியைப் பிரித்துக் கொடுத்த கோளாறு இது. மாமா அசரவில்லை. "நம்மூட்டுக்குள்ள மட்டும் மடங்கியிருக்குதுங்க. கண்ணாடிங்களே, மடங்குனா வெளிச்சம் வெளிய போயிருமுங்க." இது நூற்றுக்கு நூறு அறிவியல் உண்மை. அதனாலேயே எடுபடவில்லை.

மாதக் கடைசியில் பணம் வாங்க வந்த தம்பியைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். 30, 60, 100, 200 என்று பிளான்கள் இருந்த அட்டையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தறிக்காரர் குரல் எவ்வளவு தாழுமோ அவ்வளவு தாழ்த்தி, கேட்டார்:

"மழை வந்தா நிக்கற மாதிரி பிளான் ஏதாச்சும் இருக்குதுங்களா தம்பி?"

தம்பி மோரைக் குடித்து முடித்துவிட்டு, "அதுக்கு மாசம் நூறு ரூபா சேத்தி ஆகுமுங்கய்யா" என்றார்.