மைனஸ் 48

மின்சாரத்தைப் பற்றி எங்கள் சித்தப்பாவுக்கு ஒரே கொள்கைதான்: தொட்டால் தெரிந்துவிடும். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி மோட்டாரோடு வளர்ந்தவர், 230 வோல்ட்டுக்குக் கைகட்டி நிற்பார். டெலிபோன் ஒயருக்கு அந்த மரியாதை கிடையாது. "அது பேசுற கரண்டுடா, அடிக்கிற கரண்டு இல்ல."

பாதி உண்மை. எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் செல்கள் 24ஐ வரிசையாகக் கோத்து, 48 வோல்ட் டிசி அனுப்புவார்கள். மின்வெட்டில் தெருவே இருண்டாலும் போன் பேசியது அந்த பேட்டரி புண்ணியத்தில்தான். எங்கள் வீட்டில் அப்போதுதான் கூட்டம் சேரும். தறிச் சத்தம் ஓய்ந்தால்தானே மறுமுனையில் பேசுவது காதில் விழும்!

மீதிப் பாதியைச் சித்தப்பா வாயால் கற்றுக்கொண்டார். மணி அடிக்க அதே ஒயரில் சுமார் 75 வோல்ட் ஏசி வரும். அறுந்த ஒயரின் தோலை அவர் பல்லால் உரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நகரியிலிருந்து அத்தை கூப்பிட்டார். போன் வரை போகாமலே அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு அத்தை வீட்டுக்குக் கடிதம்தான் போட்டார்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்துப் போனவர், மல்டிமீட்டரோடு திரும்பினார். சிவப்பு, கறுப்புக் கம்பிகளை லைனில் வைத்தார். மைனஸ் 48 என்று காட்டியது.

"அண்ணி, பில்லு கட்டலையா?"

எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் எர்த்தில் இணைப்பார்கள். லைன் மைனஸில் இருந்தால், ஈரம் இறங்கினாலும் கேபிளின் செம்பு கரைந்து போகாது. லைன்மேன் அண்ணன் இதை விளக்கியும், அம்மாவிடம் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் சித்தப்பா சமாதானமானார்.

அடுத்த சோதனை. ரிசீவரை எடுத்ததும் 48 சரிந்து பத்துக்குக் கீழே வந்துவிட்டது. "பேசப் பேசத் தீருது, வை வை!" என்று பதறினார். தீரவில்லை. ரிசீவரை எடுத்தால் சுற்று மூடிக்கொண்டு கரண்ட் ஓடும்; எக்ஸ்சேஞ்சின் சுருளும் வழியிலுள்ள ஒயரும் தம் பங்கு வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நம் போனுக்கு விடும். ஓம் விதி அவ்வளவுதான். பள்ளியில் அதை ஒப்பித்த எனக்கு அன்றுதான் புரிந்தது. சித்தப்பாவுக்குப் புரிந்ததா என்று சொல்வதற்கில்லை, ஆனால் அம்மாவின் போன் பேச்சு பாதியாகக் குறைந்தது.

லைன்மேன் அண்ணன் ஊருக்கேற்ற வாத்தியார். "இழை அறுந்தா ஓபன். ரெண்டு இழை ஒட்டிக்கிட்டா ஷார்ட். ஈரத்துல ஒரு இழை மண்ணைத் தொட்டா எர்த்." பாவு பிணைக்கிற கைகளுக்கு இதற்குமேல் பாடம் தேவையில்லை. ஐப்பசி மழையில் போனில் 'ஙொய்ங்' என்று இரைந்தால், தெருவில் யாரைக் கேட்டாலும் "எர்த்து" என்பார்கள். சரியாகவே இருக்கும். இரண்டு ஒயரும் பக்கத்து மின்கம்பியின் இரைச்சலைச் சமமாக வாங்கினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். ஒன்று மண்ணில் கசிந்தால் கணக்கு தவறி, இரைச்சல் காதுக்கு வரும்.

ஒருமுறை ஷார்ட். அண்ணன் பில்லர் பாக்ஸில் எங்கள் ஜோடியைக் கழற்றி ஓம் பார்த்தார். 85. அரை மில்லிமீட்டர் செம்பு ஜோடி கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம். "அரை கிலோமீட்டர்ல ஒட்டிக்கிட்டிருக்கு தம்பி" என்று சைக்கிளை எடுத்தவர், வழியில் எங்கும் நிற்காமல் நேராக ஒரு புளியமரத்தடி ஜாயிண்டைப் போய்த் தோண்டினார். அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து சோளிங்கர் பஸ் தாமதமானால்கூடச் சித்தப்பாவின் கை மீட்டரைத் தேடியது.

இப்போது வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. கண்ணாடி இழை, உள்ளே ஓடுவது வெளிச்சம். வீட்டில் கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும். இணைப்பு கொடுக்க வந்த பையனிடம், கம்பியை எங்கே வைப்பது என்று சித்தப்பா மீட்டரை நீட்டினார். அவன் சிரித்தபடி தன் கருவியைச் செருகிக் காட்டினான். மைனஸ் 21 டிபிஎம்.

"பரவாயில்லை, பாதிக்கு மேல அடைச்சுட்டோம்" என்றார்.