கோப்பையும் குவார்ட்டரும்

ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் மணக்கும் கிராஃப்ட் பீரைப் பெங்களூரில், விலை கேட்பதே அநாகரிகமென்று கருதி மௌனமாக அருந்திப் பழகிய என் நண்பர், பழவேற்காட்டு ஏரிக்கரையில் கால் கட்டிய நண்டுக்கு மட்டும் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் வாதாடினார்.

2003 முதல் அரசாங்கமே சில்லறை மதுவிற்பனையை ஏகபோகமாக நடத்திவரும் தமிழ்நாட்டில், 650 மில்லி பீரில் ஐந்து சதவீதமென்றால் சாராயச்சத்து 32.5 மில்லிதான், 180 மில்லி குவார்ட்டரிலோ 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி என்னும் கணித சாஸ்திரத்தை அட்சரசுத்தமாக அறிந்திருந்த பெரியவர் ஒருவர், வலையின் சிக்கை எடுத்தபடியே நண்பரின் பீர்ப் பெருமையைக் கேட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பீருல பாதிக்கு மேல தண்ணி சார். அதுதான் ஏரி நெறைய கெடக்குதே!”

நண்டு முழு விலைக்கே போயிற்று.